பொற்கிழியும் செப்பேடும்: ஆழ்வார்கள் காலவாராய்ச்சியில் கொண்டது விடாமை

கம்பம் பள்ளத்தாக்கில், இன்றைய தேனி மாவட்டத்து உத்தமபாளையம் வட்டத்தில் அமைந்த ஊர் சின்னமனூர். பாண்டியர் காலத்தில் இது அரிகேசரிநல்லூர் என்று வழங்கிற்று. இவ்வூரில் கிடைத்த இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் 'சின்னமனூர்ப் பெரிய செப்பேடு', 'சின்னமனூர்ச் சிறிய செப்பேடு' என அறிஞருலகில் பெயர் பெற்றவை. எச். கிருஷ்ண சாஸ்திரியார் இவற்றைப் பதிப்பித்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் மூன்றாம் தொகுதியில் 1929ஆம் ஆண்டு இவை வெளிவந்தன. பெரிய செப்பேட்டின் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் உள்ளன. பாண்டியர் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்திய செய்தியும் மதுரையில் சங்கம் நிறுவிய செய்தியும் இதில் காணப்படுவதால் தமிழிலக்கிய வரலாற்றார் இதனைப் பெரிதும் போற்றுவர். வைணவர்கள் இதனை நோக்க வேண்டிய காரணம் வேறு.

இச்செப்பேட்டை வெளியிட்ட இராசசிம்ம பாண்டியன், முதற் பராந்தக சோழனிடம் மதுரையை இழந்தவன். தன் முடியையும் இலங்கையில் விட்டுச் சென்றவன் அவனே என்பது மகாவம்சத்தால் தெரிகிறது. ஆகவே செப்பேட்டின் காலம் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பதில் ஐயமில்லை. அவன் தன் முன்னோரை வரிசைப்படுத்திச் சொல்லுமிடத்தில், குண்ணூர், விழிஞம், சிங்களம், குடமூக்கு ஆகிய இடங்களில் வெற்றி பெற்ற பரசக்கர கோலாகலனாகிய ஸ்ரீமாறனைக் குறிப்பிடுகிறான். வரலாற்றார் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் என்று அழைக்கும் அரசன் இவனே.

இப்பெயர் வைணவர் செவிக்குப் புதிதன்று. பெரியாழ்வார் பொற்கிழி அறுத்த சபைக்குரிய பாண்டியன் வல்லபதேவன் என்பது குருபரம்பரைகளின் வாக்கு. ஆழ்வார் தாமும் திருமாலிருஞ்சோலைப் பாசுரத்தில் கூடற்கோனாகிய நெடுமாறனைச் சுட்டுகிறார். சின்னமனூரிலிருந்து மலைத்தொடரைக் கடந்தால் கீழ்ப்புறத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கு அவதரித்த ஆழ்வாரின் காலத்துக்கு, மலையின் இப்புறத்தில் கிடைத்த செப்பேடு ஓர் அளவுகோலைத் தருகிறது. ஆழ்வாரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனினும், பாண்டியருள் வல்லபன் என்ற பெயர் பொருந்தும் ஒருவனை அது முறையான அரச வரிசையில் நிறுத்துகிறது. ஐவர்மலைக் கல்வெட்டால் இரண்டாம் வரகுணன் 862இல் பட்டமெய்தினான் என்பது உறுதி. அவனுக்கு முன்னவன் ஸ்ரீமாறன். அவன் ஆட்சித் தொடக்கத்தை நீலகண்ட சாஸ்திரியார் 815 என்றும் சதாசிவ பண்டாரத்தார் 835 என்றும் கொண்டனர். எவ்வாறாயினும் அவன் ஒன்பதாம் நூற்றாண்டினன்.

இவ்விடத்தில்தான் சிக்கல் எழுகிறது. குருபரம்பரைக் கணக்கின்படி பெரியாழ்வார் திருவவதாரம் கலி 47ஆம் ஆண்டு. நம்மாழ்வார் திருவவதாரம் கலி பிறந்த 43ஆம் நாள். முதலாழ்வார்களோ துவாபர யுகத்தினர். செப்பேட்டுக் கணக்குக்கும் இக்கணக்குக்கும் இடையே நாலாயிரம் ஆண்டு அளவு வேறுபாடு உள்ளது. இவ்வேறுபாட்டைப் பற்றிய வாதங்களின் வரலாறு, ஆழ்வார்களின் காலத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் நிற்பதில்லை. கற்றவர்கள் சபையறியச் சொன்ன ஒன்றைப் பின்னர் விடுவதற்கு ஏன் அத்துணை இடர்ப்படுகிறார்கள் என்பதையும் அது காட்டுகிறது.

இரு பக்கத்துப் பிடிவாதம்

யுகக் கணக்கைக் காத்தவர்கள் மட்டுமே கொண்டது விடாதவர்கள் என்று எண்ணுவது பிழை. எதிர்ப்புறத்தின் தவறு அதனினும் கேடு விளைப்பதாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல், மார்க்கோ போலோ 1292ஐ ஒட்டிக் குறித்த சுந்தர பாண்டியனையே கூன்பாண்டியன் என்று கொண்டு, திருஞானசம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு இறக்கினார். வைணவத் தமிழ்ப் பாடல்களையும் இராமானுஜர் காலத்தையொட்டி வைத்தார். சம்பந்தர் காலத்தைப் பற்றிய கொள்கையை மனோன்மணீயம் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை கல்வெட்டுச் சான்றுகளால் தகர்த்தார். ஆழ்வார்களைப் பற்றிய கொள்கை அதன் பின்னும் எளிதில் அகலவில்லை. 1913இல் வெளிவந்த நூலில் இரா. கோ. பண்டார்கர் குலசேகராழ்வாரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகக் கொண்டார். திருவரங்கத்தில் முதற் குலோத்துங்கனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 1088ஆம் ஆண்டினது, குலசேகரரின் 'தேட்டரும் திறல்' திருமொழியை ஓதுவதற்கு நிவந்தம் கூறுகிறது. அதற்கும் முன்னர், முதல் இராசேந்திரனின் எண்ணாயிரம் கல்வெட்டு திருவாய்மொழி ஓதுவார்க்கு வழி செய்கிறது. இராமானுஜருக்கு முன்பே கோயில்களில் ஓதப்பட்டவை எவ்வாறு அவர் அடியார்களின் பாடல்களாகும்? ச. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1920இல் வெளியிட்ட தென்னாட்டு வைணவத்தின் முற்கால வரலாற்று நூலில் இத்தகைய சான்றுகளைத் தொகுத்துக் காட்டி அக்கொள்கையை மறுத்தார்.

அப்பிழை நிலைத்திருந்தால் நேர்ந்திருக்கும் இழப்பு சிறியதன்று. ஆழ்வார்கள் இராமானுஜருக்குப் பிற்பட்டவர்கள் என்றால் உபய வேதாந்தம் என்ற சொல்லுக்கே பொருளில்லாமற் போகும். ஸ்ரீபாஷ்யகாரர் திருவுள்ளத்துக்குத் திருவாய்மொழி ஊற்றாயிருந்தது என்ற ஸம்ப்ரதாயம் வெறுங்கதையாகும். இவ்வளவு பெரிய தீங்கை விலக்கியது யுகக் கணக்கன்று, கல்வெட்டே. கல்வெட்டு ஆழ்வார்களை இராமானுஜருக்கு முன்னே நிறுத்தியபோது அதனை மகிழ்ந்து ஏற்றவர்களுட் சிலர், அதே கல்வெட்டு துவாபரத்தை மறுத்தபோது அதனை நம்பத் தகாதது என்றனர். ஒரே சாட்சியைத் தனக்கு இசைந்தவிடத்துக் கொண்டு, இசையாதவிடத்துத் தள்ளுதல் வாத நெறிக்குப் பொருந்தாது.

வரலாற்றாரும் இதற்கு விலக்கல்லர். மதுரையை அடுத்த ஆனைமலையில் கலி 3871, அதாவது 770ஆம் ஆண்டினதாகிய கல்வெட்டு உண்டு. நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எடுத்த மாறன்காரி என்னும் அமைச்சனை அது கூறுகிறது. அவனுக்கு மதுரகவி என்ற பெயரும் உண்டு. காரி, மாறன், மதுரகவி என்ற பெயர்கள் ஒருங்கே வந்தமையால் ஆய்வாளர் சிலர் அவனை நம்மாழ்வாரின் தந்தை என்றும், வேறு சிலர் மதுரகவியாழ்வாரே என்றும் கொண்டனர். அவ்வமைச்சன் கரவந்தபுரத்து வைத்தியர் குலத்தவன் என்பதும், கோயில் முற்றுப்பெறுமுன் இறந்தான் என்பதும், தம்பி மாறன் எயினன் பணியை நிறைவேற்றினான் என்பதும் அதே கல்வெட்டிலேயே உள்ளன. திருக்கோளூர் அந்தணராகிய மதுரகவிகளுக்கு இவை பொருந்தா. ஆயினும் பெயரொற்றுமையைக் கண்ட மகிழ்ச்சியில் எழுதப்பட்ட முடிவு, நூலுக்கு நூல் எடுத்தாளப்பட்டு நெடுங்காலம் உலவிற்று.

சபையும் சபதமும்

ஒருவன் தனியே எண்ணி வைத்த கருத்தை மாற்றிக்கொள்வது அரிதன்று. நேற்று அவ்வாறு நினைத்தான், இன்று இவ்வாறு நினைக்கிறான், கேட்பார் எவருமில்லை. சபையில் சொன்ன கருத்து அத்தகையதன்று. அதைச் சொன்னவுடன் அதனோடு அவன் பெயரும், அவனை நம்பிய மாணாக்கரும், அவனால் மறுக்கப்பட்டவரின் மனக்காயமும் பிணைந்துவிடுகின்றன. பொற்கிழி என்பதன் உட்கருத்தும் இதுவே. பரத்துவ நிர்ணயம் என்ற தத்துவக் கேள்வியை வல்லபதேவன் ஒரு தூணில் கட்டித் தொங்கவிட்டான். அன்று முதல் கேள்விக்கு விடை கூறுவதும் பரிசு பெறுவதும் ஒன்றாயின. கருத்தை விடுவது பரிசை விடுவதாயிற்று. பெரியாழ்வார் அச்சபைக்கு வென்று பெயர் பெறும் நோக்கோடு செல்லவில்லை, வடபெருங்கோயிலுடையான் நியமனத்தால் சென்றார் என்று குருபரம்பரை வற்புறுத்துவதன் காரணம் இங்கு விளங்கும். பெயரைப் பணயம் வைக்காதவர்க்கே உண்மையைச் சொல்வதும் கேட்பதும் எளிது.

பிறநாட்டிலும் இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவர் தோழர்களும், 1954 டிசம்பர் 21இல் பெருவெள்ளம் வந்து உலகின் பெரும்பகுதி அழியும் என்று நம்பிய ஒரு சிறு குழுவை அருகிருந்து கவனித்தனர். வெள்ளம் வரவில்லை. நம்பிக்கைக்காக வேலையையும் உடைமையையும் துறந்து, ஊரறியச் சொல்லியிருந்தவர்களுட் பலர் அதனைக் கைவிடவில்லை. முன்னினும் ஊக்கமாகப் பிறரிடம் பரப்பத் தொடங்கினர். 1956இல் வெளிவந்த அவர்களது நூல் இதனை விரித்துரைக்கிறது. பொய்த்தது நம்பிக்கை, ஆனால் அதற்காகக் கொடுத்த விலையைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே புதிய நம்பிக்கையாளரைச் சேர்ப்பதே அவ்விலைக்கு ஈடாகத் தோன்றிற்று.

இறங்கும் வழி: பூருவர்கள் காட்டியது

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயம் இத்துன்பத்தை அறியாததன்று. அதன் வரலாற்றில் தலையாய இடம் பெற்றவர்களுட் பலர், சபையறிய நாட்டிய கருத்தைச் சபையறிய விட்டவர்கள்.

யஜ்ஞமூர்த்தி பதினெட்டு நாள் எம்பெருமானாரோடு வாதிட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. தோற்றால் எம்பெருமானாரின் பாதுகையைச் சுமந்து அவர் திருநாமத்தையும் தரிப்பதாக அவர் சபதம் செய்தார். எம்பெருமானார் தாம் தோற்றால் க்ரந்தத்தைத் தொடுவதில்லை என்றார். பதினேழு நாளும் முடிவு காணப்படவில்லை. பேரருளாளன் கனவில் அருளியதனால் தேறி, பதினெட்டாம் நாள் எழுந்தருளிய எம்பெருமானாரின் பொலிவைக் கண்டவுடனே யஜ்ஞமூர்த்தி திருவடியில் விழுந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. அடுத்து நிகழ்ந்தது மேலும் கவனிக்கத்தக்கது. எம்பெருமானார் அவரைப் பாதுகை சுமக்க வைக்கவில்லை. அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்று தம் திருநாமத்தை வழங்கினார். தனி மடம் தந்தார். அனந்தாழ்வான் முதலியோர் தம்மை நாடி வந்தபோது அவரிடம் ஆச்ரயிக்கும்படி நியமித்தார். தோற்றவர் என்ற பெயர் அவருக்கு ஒருநாளும் ஒட்டவில்லை. அம்மடமும் தமக்கு மிகை என்று பின்னர் அவரே அதனை இடித்துவிட்டு எம்பெருமானார் திருவடியை வந்தடைந்தார். அவர் இயற்றிய ஞானஸாரத்துக்கும் ப்ரமேயஸாரத்துக்கும் மணவாள மாமுனிகள் வ்யாக்யானம் அருளிச்செய்திருக்கிறார்.

யாதவப்ரகாசருக்கு இது இன்னும் அரிதாக இருந்தது. அவர் தோற்றதும் பணிந்ததும் தம் மாணாக்கரிடம். முதுமையில் திரிதண்டம் ஏற்றுக் கோவிந்த ஜீயர் என்னும் பெயரோடு யதிதர்மஸமுச்சயத்தை இயற்றினார். இங்கு ஒரு நுட்பம் உண்டு. அவருடைய பழைய பேதாபேதக் கொள்கையை வேதார்த்த ஸங்க்ரஹமும் ஸ்ரீபாஷ்யமும் சிறிதும் தளர்த்தாமல் மறுக்கின்றன. மனிதரை ஏற்றுக்கொண்டதனால் கொள்கையை ஏற்றுக்கொண்டதாகாது. கொள்கையை மறுத்ததனால் மனிதரைத் தள்ளியதாகாது. இவ்விரண்டையும் பிரித்து வைத்ததனாலேயே அவர் வந்து சேர முடிந்தது.

மூன்றாவது, வ்யாக்யானம் கற்பார்க்கு மிக நெருங்கியது. ஆளவந்தாரின் சிஷ்யராகிய திருமாலையாண்டான் எம்பெருமானாருக்குத் திருவாய்மொழிப் பொருள் சொல்லி வருகையில், இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரத்தை ஆழ்வாரின் வருத்தமாக உரைத்தார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் உபகாரத்தை நினைந்து மகிழ்வனவாயிருக்க, இடையில் வருத்தம் பொருந்தாது என்று எம்பெருமானார் வேறு வகையாக நிர்வஹித்தார். இது ஆளவந்தாரிடம் தாம் கேட்டதன்று, விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று சொல்லி ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி செய்தி கேட்டுத் திருவரங்கத்துக்கு எழுந்தருளி, அப்பொருளை ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று சொன்ன பிறகே பாடம் தொடர்ந்தது. ஆண்டான் பணிந்தது தம் மாணாக்கரின் வாதத்திறத்துக்கு என்று கொள்ள வேண்டுவதில்லை; தம் ஆசார்யனின் வாக்குக்கே பணிந்தார். நம்பியின் பெருமை அதில் விளங்குகிறது. ஆண்டான் எதனைக் காப்பதாக எண்ணிப் பிடிவாதம் செய்தாரோ, அதனையே காரணமாக்கிப் பிடிவாதத்தை விட அவருக்கு வழி செய்தார்.

நஞ்சீயர் வரலாறும் இவ்வகையினதே. பட்டரிடம் வாதில் தோற்ற மாதவர் செல்வமனைத்தையும் விட்டுத் திருவரங்கம் வந்து நஞ்சீயரானார். திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி அருளினார். அதனைப் பட்டோலைப்படுத்தக் கொண்டுபோன நம்பூர் வரதராசர் ஆற்று வெள்ளத்தில் அதனை இழந்து, நினைவிலிருந்து எழுதுகையில் தமக்குத் தோன்றிய சிறப்புப் பொருள்களையும் சேர்த்துவிட்டார். தம் நூலில் தாம் எழுதாதவற்றைக் கண்ட நஞ்சீயர் சினக்கவில்லை. 'நம்பிள்ளை' என்று அவரை அணைத்துக்கொண்டார். ஒருமுறை சபையில் தோற்று, அதனால் ஒன்றும் இழக்காமல் உயர்ந்தவர்க்கு மாணாக்கனின் திருத்தம் இழிவாகத் தோன்றவில்லை.

வ்யாக்யானங்களின் அமைப்பும் இந்நெறியைப் பின்பற்றியதே. ஈட்டில் ஒரு பாசுரத்துக்கு ஆளவந்தார் நிர்வாஹம், ஆண்டான் நிர்வாஹம், எம்பெருமானார் நிர்வாஹம், பட்டர் நிர்வாஹம் என்று அவரவர் பெயரோடே பொருள்கள் எடுத்தோதப்படுகின்றன. சிறந்தது எது என்பது விளங்கும், விடப்பட்டதும் அழிக்கப்படுவதில்லை. ஒரு பொருள் பின்னவரால் கொள்ளப்படாததனால் அதைச் சொன்னவரின் ஆசார்யத்வம் குறைவதாக எவரும் கருதியதில்லை.

காலவாராய்ச்சிக்கு இதன் பயன்

ஆழ்வார்களின் காலத்தைப் பற்றிய வாதத்தில் இந்நெறி மறக்கப்பட்டது. யுகக் கணக்கை விடுவது ஆழ்வார்களையே விடுவதாகும் என்ற அச்சம் ஒருபுறம். அதனைச் சற்றேனும் மதிப்பது அறிவாளி என்ற பெயரை விடுவதாகும் என்ற அச்சம் மறுபுறம். இரண்டும் வேண்டாதவை. நம்மாழ்வாருக்கும் நாதமுனிகளுக்கும் இடையே நெடிய கால இடைவெளியைச் சொன்ன குருபரம்பரை, அவ்விடைவெளியை யோகதசையில் நிகழ்ந்த உபதேசத்தால் இணைத்தது. இடைவெளி நூறாண்டாயினும் ஆயிரமாண்டாயினும் அந்த ஸம்பந்தத்தின் ஏற்றம் குறைவதில்லை. திருவாய்மொழியின் ப்ராமாண்யத்தைப் பூருவர்கள் நிறுவியது மயர்வற மதிநலம் அருளப்பெற்றவரின் வாக்கு என்பதனால். பழமையின் அளவைக் கொண்டு அவர்கள் நிறுவவில்லை.

மேலும், செப்பேட்டை ஏலாதவரும் ஆழ்வார் வாக்கை ஏற்றாக வேண்டும். திருமங்கையாழ்வார் காஞ்சியில் பரமேச்சுர விண்ணகரத்தை மங்களாசாஸனம் செய்கையில் பல்லவனின் பணியையும் போர்களையும் பாடுகிறார். 731 முதல் 796 வரை ஆண்ட பல்லவமல்லனாகிய இரண்டாம் நந்திவர்மன் எடுத்த கோயில் அது. கலி நானூறு ஆகுமுன் ஆழ்வார் வாழ்ந்தார் என்று வாதிப்பவர், பெரிய திருமொழியையே எதிர்சாட்சியாகப் பெறுகிறார்.

பெரியாழ்வார் விஷயத்திலோ முடிவு இன்னும் ஒருமுகப்படவில்லை. வல்லபன் என்ற பெயரை முதன்மையாகக் கொண்டவர் ஸ்ரீமாறனை நாடினர். நெடுமாறன் என்ற சொல்லை முதன்மையாகக் கொண்டவர் அவனுக்கு முற்பட்ட பாண்டியரை நாடினர். 'ஆழ்வார்கள் காலநிலை' எழுதிய மு. இராகவையங்கார், திருப்பாவையில் வெள்ளியும் வியாழமும் பற்றி வரும் குறிப்பைக் கணித்து 731ஆம் ஆண்டைச் சொன்னார். வேறு கணிதம் செய்தவர்கள் ஒன்பதாம் நூற்றாண்டு ஆண்டுகளைக் காட்டினர். இவற்றுள் ஒன்றைத் தம் கட்சியாக்கிக்கொண்டு, மறுபக்கத்துச் சான்று வரும்போதெல்லாம் அதற்கு விலக்குத் தேடுவது எளிது. ஈட்டின் வழியோ வேறு: கலி 47 என்பது குருபரம்பரை நிர்வாஹம், 731ஐ ஒட்டியது என்பது இராகவையங்கார் நிர்வாஹம், ஒன்பதாம் நூற்றாண்டு என்பது செப்பேட்டு ஸ்ரீவல்லபனைக் கொண்டவர் நிர்வாஹம் என்று சொன்னவர் பெயரோடு வைத்து, எது எச்சான்றால் வலிபெறுகிறது, எது எதனால் தளர்கிறது என்று காட்டுவதே அது. அவ்வாறு வைத்தால், நாளை ஸ்ரீமாறன் என்ற முடிவைத் தளர்த்தும் செப்பேடு ஒன்று கிடைத்தாலும் அதனைச் சொன்னவர் நாண வேண்டியதில்லை. முதலிற் சொன்னதைத் திருத்திச் சொல்வார். முன் சொன்னதும் அவர் பெயரோடே ஏட்டில் நிற்கும். திருமாலையாண்டான் நிர்வாஹம் இன்றளவும் ஈட்டில் அப்படித்தான் நிற்கிறது.